முக்குருத்திக்குப் போக நாங்கள் செய்த ஏற்பாடுகள்

கல்பாக்கம் நகரியத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், கோடை விடுமுறை நெருங்கினால் எல்லா வீடுகளிலும் எல்.டி.சி. என்ற சொல் அடிபடும். அரசாங்கச் சம்பளக்காரர்கள் சில வருடங்களுக்கு ஒரு முறை குடும்பத்தோடு எங்கேயாவது போய்வர அரசாங்கமே டிக்கெட் எடுத்துக் கொடுக்கும். எதிர் வீட்டுக்காரர்கள் தில்லிக்குப் போய்வந்து எங்களுக்குப் பளிங்கில் ஒரு சின்ன தாஜ்மகால் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் டார்ஜிலிங் போய்வந்து ஒரு மாதம் வரை வேறு பேச்சே பேசவில்லை. நாங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் ராமநாதபுரத்துக்குப் போனோம். அது அப்பாவின் சொந்த ஊர். கல்பாக்கத்தில் இருந்த அதே வெயில், அதே மணல், அதே கடல் அங்கேயும் இருந்தது.

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில் ஒன்று அது. பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "இந்தத் தடவை நீ சொல்லு, எங்க போகலாம்" என்று அப்பா கேட்டார். கேட்டதில் பெரிய எதிர்பார்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. அவள் பிறந்த படாளத்தில் கரும்பும் நெல்லும்தான் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை தட்டையாகக் கிடக்கும், சர்க்கரை ஆலையின் புகைபோக்கி ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கும்.

அம்மா தலையை உயர்த்தாமலேயே, "மலையில கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கணும்" என்றாள்.

இதை எவ்வளவு காலமாக மனதில் வைத்திருந்தாளோ தெரியாது. கடைக்குப் போகிறவரிடம் கால் கிலோ துவரம்பருப்பு சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

"மலையிலயா?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "கொடைக்கானல்ல நல்ல லாட்ஜ் இருக்காம். கீழயே, ரோட்டோரமா" என்றார்.

"லாட்ஜ் வேணாம். கூடாரம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்றார்.

அப்பா அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் முதலில் சுவரை வரைந்து, ஆணியின் இடத்தைக் குறித்து, அது கழன்று விழுந்தால் எதன் மேல் விழும் என்று யோசித்துவிட்டுத்தான் சுத்தியலைத் தேடுவார். அவருடைய அலுவலக நண்பர் ஒருவரின் மைத்துனர் வனத்துறையில் இருந்தார். அவர் மூலமாக, ஊட்டிக்கும் மேலே உள்ள முக்குருத்தி தேசியப் பூங்காவில், காவலர் குடிசைக்குப் பக்கத்துப் புல்வெளியில், ஒரு குடும்பம் இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கிக்கொள்ள அனுமதிக் கடிதம் வந்தது. கூடாரம் நாங்களே கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். அப்பா கோடு போடாத நீள நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் அழகான எழுத்தில் 'முக்குருத்தி' என்று எழுதினார்.

அந்த நோட்டைப் போல் ஒரு சாகசப் புத்தகத்தை நான் அதற்குப் பிறகு படித்ததில்லை. மலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அப்பா பென்சிலால் வரைந்திருந்தார். சாலை வளைந்து வளைந்து ஏறும் இடங்களில் சிவப்பு மையில் புள்ளிகள் வைத்திருந்தார். அடுத்த பக்கத்தில் 'என்னென்ன நேரலாம்' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல்: மண் சரிவு, மூடுபனி, அட்டை, யானை, பிரேக் பிடிக்காமல் போவது, பாறை உருண்டு வருவது, கால் இடறுவது. கால் இடறுவது மட்டும் மூன்று இடங்களில் இருந்தது. நானும் தம்பியும் தினமும் பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்து மெய்சிலிர்த்தோம். மலையை இவ்வளவு நேசிக்கிற ஓர் ஆளை இத்தனை வருடம் ராமநாதபுரத்துக்கே போகவைத்தோமே என்று எனக்கு அப்பா மேல் பரிதாபம்கூட வந்தது.

மார்ச் மாதத்திலிருந்து பயிற்சி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருக்கழுக்குன்றத்துக்கு பஸ் ஏறினோம். ஆளுக்கொரு முதுகுப்பையில் அரிசிப் பொட்டலங்களை வைத்து, மலைக்கோயில் படிகளில் ஏறவிட்டார் அப்பா. பாதி வழியில் இருந்த மண்டபம் வரை எங்களோடு வருவார். அதற்கு மேல், "நான் இங்க இருந்து டைம் பாக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டிப் பாறைப் பக்கமாகத் திரும்பி, தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். வாட்சிலிருந்து கண்ணை எடுக்காத கடமையுணர்ச்சி என்று நான் நினைத்தேன்.

அம்மாவோ, மூச்சு வாங்காமல் ஏறினாள். உச்சியில் நின்று ஊரையும் குளத்தையும் வயல்களையும் பார்த்தாள். காற்றில் புடவைத் தலைப்பு பறந்தது. "இதுவே மலையாட்டம்தான் கீது" என்றாள். அது படாளத்துப் பேச்சு. நகரியத்தில் நாலு ஊர்க்காரர்களுக்கு நடுவில் அம்மா அப்படிப் பேச மாட்டாள். மிகவும் சந்தோஷமாக இருந்தால்தான் அது வாயில் வரும்.

சந்தோஷமில்லாத நாளிலும் அவள் அப்படிப் பேசுவது மீன்காரம்மாவிடம் மட்டும். மீன்காரம்மா சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து அலுமினியக் கூடையில் மீன் கொண்டுவருவாள். எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கினால் மீன் வெட்டி முடிக்க அரை மணி, ஊர்க்கதை பேசி முடிக்க ஒரு மணி. கூடார விஷயம் அவள் காதுக்குப் போயிற்று.

"கூடாரத்துக்கு எதுக்குக்கா மெட்ராஸ் போறே? எங்கூட்டுக்காரரு பாய் தைக்கறவரு. காத்துல நிக்கற துணி அவருக்குத் தெரியாததா" என்றாள். பாய் என்று அவள் சொன்னது கட்டுமரத்துப் பாய்மரத் துணியை.

அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து கூடாரத்துக்கு வரைபடம் போட்டார். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், எல்லாம் மில்லிமீட்டரில். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நால்வரும் அதைச் சுருட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். மீன்காரம்மாவின் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து பாய்த்துணியை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். வற்றிப்போன உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. வரைபடத்தை மரியாதையாக வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மடித்து அப்பாவிடமே கொடுத்தார்.

"காயிதத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது சார். எத்தினி பேரு பட்துக்கணும்?"

"நாலு பேர்."

"அப்ப பட்துங்கோ."

"எங்க?"

"இங்கதான். மண்ணு சுத்தமாத்தான் கீது."

அப்பா சுற்றிலும் பார்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், கருவாடு பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், ஐந்தாறு பிள்ளைகள், ஒரு நாய் எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முதலில் படுத்தாள். புடவையைக் கால்வரை இழுத்துவிட்டு, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துப் படுத்தாள். பக்கத்தில் தம்பி. அவன் பக்கத்தில் நான். கடைசியில் அப்பா, அலுவலகப் பேண்டோடு, சட்டைப் பையில் செருகிய பேனாவோடு, மணலில் நீட்டிப் படுத்தார்.

"சார், நீங்கோ ராவுல இப்டித்தான் பட்துப்பீங்களா? கால மடிக்க மாட்டீங்க?"

அப்பா யோசித்துவிட்டு ஒருக்களித்துக் காலை மடக்கினார்.

"அப்டிச் சொல்லுங்கோ" என்று அவர் எங்களைச் சுற்றித் துடுப்பால் மணலில் ஒரு கோடு கிழித்தார். எழுந்து பார்த்தோம். மணலில் ஒரு பெரிய, ஒழுங்கில்லாத முட்டை வடிவம். அதற்குள் நாலு பேர் படுத்த தடம். அம்மா அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே வாரத்தில் நீல தார்ப்பாயும் பழைய பாய்த்துணியும் சேர்த்துத் தைத்த கூடாரம் தயாராகிவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தார். எந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஆனால் நாலு பேரும் வசதியாகப் படுக்க முடிந்தது.

அடுத்தது குளிர். முக்குருத்தியில் மே மாதத்திலும் பல் கிட்டும் என்று வனத்துறைக்காரர் சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்த ஸ்வெட்டர்களும் குரங்குக் குல்லாக்களும் பக்கத்து வீட்டு டார்ஜிலிங்காரர்களிடம் இரவல் வாங்கியவை. அவை போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்பாக்கத்தில் ஏப்ரல் மாதத்தில் வேர்க்காமல் இருந்தாலே அதிர்ஷ்டம். இதற்கும் மீன்காரம்மாவே வழி சொன்னாள். அவள் தம்பி கடப்பாக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்தான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே தார் உருகிக்கொண்டிருந்தபோது, நாங்கள் நாலு பேரும் கடப்பாக்கத்து ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில், உமி கொட்டி அடுக்கிய ஐஸ் பார்களின் மேல் கோணிப்பை விரித்து, ஸ்வெட்டர் போட்டு, குல்லா மாட்டி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தோம். அப்பா கையில் தெர்மாமீட்டர். மடியில் நோட்டு. அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. கால்மணி நேரத்தில் தம்பி ஒன்றுக்கு வருகிறது என்றான். காட்டிலும் இப்படித்தான் வரும், அடக்கிப் பழகு என்றார் அப்பா.

லுங்கியை மடித்துக் கட்டி, வெற்று மார்போடு ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்துப்போக வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லயா?"

"இல்ல. மலைக்குப் போறோம்" என்றார் அப்பா குல்லாவுக்குள்ளிருந்து.

"மலைக்கா? அது எங்கியோ கீது. இங்க வந்து இன்னாத்துக்குக் குந்திகினு கீறீங்கோ?"

"குளிர் தாங்குமான்னு பாக்கறோம்."

அவர் மீன்காரம்மாவின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டான். நாலு பேரும் வெற்று உடம்போடு கதவருகே நின்று எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் மிகுந்த அக்கறையோடு, "அண்ணாத்த, நாங்க டெய்லி இதுலதான் கீறோம், ஒண்ணியும் ஆவல. தகிரியமாப் போங்கோ" என்றார்.

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் குல்லாவுக்குள் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. குல்லாவைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி சிரித்தான், நான் சிரித்தேன், ஐஸ்காரர்கள் சிரித்தார்கள். அப்பா தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டே, அடக்க முடியாமல் அவரும் சிரித்தார். திரும்பும்போது அவர்கள் ஒரு ஐஸ் பாளத்தை உடைத்துக் கோணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அது உருகி எல்லோர் காலையும் நனைத்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு வெயில்.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் காற்று குறுக்கே வந்தது.

கூடாரத்தை ஒரு முறை அடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று, கடற்கரையில் சவுக்குத் தோப்புக்கு முன்னால் ஓர் இடத்தை அப்பா தேர்ந்தெடுத்தார். மத்தியானம் தாண்டியதும் அந்தக் கரையில் கடல்காற்று எழும் என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். நோட்டில் அது இல்லை. முளைகளை அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, கூடாரம் நின்றது. தம்பி பிஸ்கட் பொட்டலத்தோடு உள்ளே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அப்பா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி வரத் தொடங்கிய அந்தக் கணத்தில் ஒரு காற்று வந்தது. மணலில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. கூடாரம் அப்படியே எழும்பி, தம்பியின் தலைக்கு மேலாகப் போய்விட்டது. அவன் கடித்த பிஸ்கட் கையில் இருக்க, வெட்டவெளியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தான்.

கூடாரம் கரையோடு உருண்டு, நாங்கள் துரத்தத் துரத்தத் தண்ணீரில் இறங்கி, நீல நிறச் சொறிமீன் மாதிரி உப்பிக்கொண்டு மிதந்தது. கரையில் இருந்த இரண்டு பேர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அதைப் பிடித்துவந்தார்கள். பிடித்த மீனுக்குக் கிடைக்காத ஆரவாரம் அதற்குக் கிடைத்தது. நாங்களும் கை தட்டினோம். அப்பா மட்டும் வெளிறிப்போய் நின்றார்.

"பையன் உள்ள இருந்தான்" என்றார். "இதே காத்து மலை விளிம்புல வந்தா?" பிறகு, "இது ஆகாது" என்று சொல்லி நோட்டை மூடினார்.

அம்மா வீட்டுக்கு வந்து, ஸ்வெட்டர்களை மடித்து, டார்ஜிலிங்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கப் பையில் வைத்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தை மட்டும் எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது மேலும் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் சமையலறையில் அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"உங்களால முடியலன்னா வேணாங்க. நான் கேட்டேன்னு போவ வேணாம்" என்றாள் அம்மா.

"அதில்ல. காத்துதான்…" என்றார் அப்பா.

"சரி, காத்துன்னே வச்சிக்கலாம்."

அவர்கள் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மீன்காரம்மாவும் அவள் வீட்டுக்காரரும் சைக்கிளில் கூடாரத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்ததைக் காயவைத்துத் தருவதாகச் சொல்லி அவர்கள்தான் எடுத்துப்போயிருந்தார்கள். அவர் அதை எங்கள் வாசல் புல்தரையில் உதறிப் போட்டார். தொப்பென்று ஒரு சத்தம். விளிம்பு முழுக்க, சாண் இடைவெளியில், சின்னச் சின்ன உருண்டைகள் உள்ளே வைத்துத் தைத்திருந்தன.

"வலைக்குக் கட்ற ஈயம் சார். கடலுக்கு அடியில தண்ணி அந்த இசுப்பு இசுக்குது, வலை அங்கியே நிக்குது. மலையில நிக்காதா?"

அப்பா குனிந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இத்தனை கனம். இதை யார் தூக்கறது?" என்றார்.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா, "நான் தூக்கறேன்" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. மீன்காரம்மா கூடையைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள். அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய், மேசையில் உட்கார்ந்து, வரைபடம் எதுவும் போடாமல் நேராக லீவ் லெட்டர் எழுதினார்.

மே மாதம் இரண்டாவது வாரம் கிளம்பினோம். செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் பாசஞ்சர், அங்கிருந்து மேட்டுப்பாளையம் ரயில், காலையில் இறங்கி ஊட்டி பஸ். எனக்கும் தம்பிக்கும் இரண்டு பேர் சீட் கிடைத்தது. பாதைக்கு அந்தப் பக்கம் அம்மா ஜன்னலோரம், அப்பா அவள் பக்கத்தில். கூடாரம் அம்மாவின் காலடியில்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் நானும் தம்பியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டோம். கீழே பாக்கு மரங்கள் குச்சி குச்சியாகத் தெரிந்தன. நாங்கள் இப்போது வந்த சாலையிலேயே வேறொரு பஸ் பொம்மை மாதிரி ஊர்ந்தது. "அப்பா, பாருங்கப்பா" என்று கத்திக்கொண்டு திரும்பினேன்.

அப்பா கண்களை மூடியிருந்தார். அவர் கையை அம்மா பிடித்திருந்தாள். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கை பிடித்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் பார்ப்பதைப் பார்த்ததும் அம்மா கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குதுங்க. கைய வுட்டுடாதீங்க."

அப்பா கண்ணைத் திறக்காமல் தலையாட்டினார்.

அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது அம்மா முந்தானையை இழுத்து, காற்று அடிக்கிறது என்று சொல்லி, ஜன்னலை மறைத்துக் கம்பியில் சுற்றினாள். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அப்பா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவரிடம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். பால்காரனிடம் சொல்லிவிட்டு வந்தோமா, கேஸ் அடுப்பை மூடினோமா, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தோமா என்று ஒன்றுக்கும் உதவாத பேச்சு. நடத்துநர் சீட்டு கிழித்துக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, தினமும் போற வண்டிதான்" என்று ஆறுதல் சொன்னார். அம்மா பணிவாகத் தலையாட்டினாள். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம். பதினாலு வளைவுகளையும் எண்ணி முடித்து, குன்னூர் தாண்டி, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, ஊட்டியில் பஸ் நிற்கும் வரை அம்மா ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை.

முக்குருத்தியில் நாங்கள் இருந்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. காற்று அடித்தது, கூடாரம் அசையவில்லை. வலை ஈயத்தைப் பார்த்த வனக் காவலர் இந்த யோசனை யாருடையது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். புல்வெளிக்கு அந்தப் பக்கப் பாறையில் ஒரு வரையாட்டுக் கூட்டம் வந்து நின்றது. தம்பி அவற்றுக்குப் பிஸ்கட் காட்டினான். ஸ்வெட்டர்கள் போதவில்லை. விடியும்போது கூடாரத்துக்கு வெளியே அம்மா மட்டும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, பனி விலக விலக ஒவ்வொரு மலையாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கூடாரத்துக்குள் உட்கார்ந்து, துணி விலகிய இடைவெளி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவரவர் பார்க்க வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது எனக்குப் பசிதான் தெரிந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு தம்பி கணினி வேலைக்குப் போய், சிறுசேரி பக்கத்தில் பதினோராவது மாடியில் ஒரு வீடு வாங்கினான். பால்காய்ச்சிய அன்று எல்லோரும் பால்கனியில் நின்று கடல் தெரிகிறது என்று மகிழ்ந்தோம். அப்பா மட்டும் கூடத்தின் மறுகோடியில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், காப்பி டம்ளரோடு நின்றுகொண்டார். வாங்கப்பா என்று நான் கூப்பிட்டேன்.

"அவர வுடு" என்றாள் அம்மா. "அவருக்கு எப்பவுமே ஒசரம்னா ஆவாது. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டாவது மாடியில குவார்ட்டர்ஸ் குடுத்தாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, கீழ் வூடு வர்ற வரைக்கும் எட்டு மாசம் காத்துக்கினு இருந்தோம்."

எப்பவுமேவா என்று கேட்டேன். அம்மா தட்டில் இருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, எப்பவுமேதான் என்றாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அத்தனை வருடங்களாக நாங்கள் அம்மாவை எவ்வளவு கேலி செய்திருந்தோம். மலைக்குப் போக வேண்டுமென்று அடம்பிடித்துவிட்டு, பஸ்ஸில் வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் என்று விருந்தினர் வந்தால் நடித்துக் காட்டுவோம். ராட்டினத்தில் ஏறக் கூப்பிட்டு, ஐயோ உனக்குத்தான் பயமாச்சே என்போம். அவள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலையே அது தொடங்கிவிட்டது. மீன்காரம்மா கதை கேட்க ஆவலாக வந்து வாசலில் கூடையை இறக்கினாள். கூடாரம் நின்றதா என்று கேட்பதற்கு முன்னால் நானும் தம்பியும் முந்திக்கொண்டு பஸ்ஸில் அம்மா பயந்ததைச் சொன்னோம். தம்பி முந்தானை போட்டுக்கொண்டு நடித்தே காட்டினான்.

"மெய்யாவாக்கா?" என்றாள் மீன்காரம்மா.

"ஆமா, பயத்துல செத்தே பூட்டேன்" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா அதுவரை ஒரு நாளும் மீன் வாங்கியவர் இல்லை. எது வஞ்சிரம், எது சங்கரா என்று அவருக்குத் தெரியாது. அன்று அவர் எங்கள் நடுவில் வந்து, கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், மூடினார், மறுபடியும் தூக்கிப் பார்த்தார். நாங்கள் சிரித்து முடிக்கும் வரை அவர் தலை நிமிரவே இல்லை.

மலைக்குப் போய்வந்ததில் அப்பாவுக்கு மீன் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.